36 அடியா, 42 அடியா: பழைய டீசல் படகு வாங்குவோரின் கணக்கு

அமெரிக்காவின் வடமேற்குக் கரையில், சியாட்டில் முதல் கனடா எல்லை வரையுள்ள படகுத்துறைகளில் பழைய டீசல் உல்லாசப் படகு தேடும் பலர், கடைசியில் இரண்டு படகுகளுக்கு நடுவே வந்து நிற்கிறார்கள். இரண்டும் ஒரே நிறுவனம் கட்டியவை. தோற்றத்தில் அண்ணன் தம்பி. பெரும்பாலும் ஒரே வகை இன்ஜின். ஒன்று கிராண்ட் பேங்க்ஸ் 36, மற்றது கிராண்ட் பேங்க்ஸ் 42. எண்கள் அடிக்கணக்கில் நீளத்தைக் குறிக்கின்றன. ஆறடிதானே என்று தொடங்கும் யோசனை, கணக்குப் போடப் போட வேறு இடத்துக்குப் போய்ச் சேரும்.

இந்தப் படகுகளின் பிறப்பிடம் ஹாங்காங். ஜங்க் பே கரையில் ராபர்ட் நியூட்டனும் அவருடைய மகன்கள் ஜானும் விட்டும் நடத்திய அமெரிக்கன் மரீன் என்ற கட்டுதுறை, முதலில் கேட்பவர் விருப்பத்துக்கேற்பத் தனித்தனிப் படகுகளைக் கட்டிக்கொடுத்தது. 1960களின் தொடக்கத்தில் கென்னத் ஸ்மித் என்ற வடிவமைப்பாளரிடம் 36 அடி டீசல் படகு ஒன்றை வரைந்து தரச் சொன்னார்கள். ‘ஸ்ப்ரே’ என்ற பெயரில் 1963இல் அது கடலில் இறங்கியது. அதையே மாதிரியாக வைத்து, அடுத்த சில ஆண்டுகளில் ஒரே அச்சில் வார்த்ததுபோல வரிசையாகப் படகுகள் வரத் தொடங்கின. நியூஃபவுண்ட்லாந்துக்கு அப்பால் மீன்வளத்துக்குப் பேர்போன கடல்மேட்டின் பெயரான கிராண்ட் பேங்க்ஸ் அவற்றுக்குச் சூட்டப்பட்டது. 36ஐத் தவிர 32, 42 என்று அளவுகளும் கூடின. பின்னர் வேலை சிங்கப்பூருக்கு நகர்ந்தது. இன்று அமெரிக்கச் சந்தையில் விலைக்கு நிற்பவற்றில் பெரும்பாலானவை சிங்கப்பூரில் கட்டப்பட்டவை. 36, 42 இரண்டிலும் தனித்தனியே ஆயிரத்துக்கும் மேற்பட்ட படகுகள் கட்டப்பட்டன.

பழைய பொருள் வாங்குபவருக்கு இந்த எண்ணிக்கை பெரிய வசதி. ஒரு படகில் எது முதலில் கெடும், எந்த உதிரி எங்கே கிடைக்கும், எந்த ஆண்டின் படகில் எந்தக் குறை என்பதெல்லாம் பலர் கைப்பட்டுத் தெளிந்த விஷயம். இரண்டு அளவுகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கும் இவை நல்ல உதாரணம். வடிவம், தரம், காலம் எல்லாம் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால், அளவு மாறினால் என்னென்ன மாறும் என்பது தெளிவாகப் பிரிந்து தெரிகிறது.

முதலில் அளவு என்ற சொல்லையே சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். 36இன் மொத்த நீளம் 36 அடி 10 அங்குலம். 42க்கு 42 அடி 7 அங்குலம். நீளத்தில் 42 ஆறில் ஒரு பங்குகூட அதிகமில்லை. ஆனால் நீளம் கூடும்போது அகலமும் உயரமும் சேர்ந்தே கூடுகின்றன. 36இன் அகலம் 12 அடிக்குச் சற்று மேல், 42க்கு 13½ அடிக்கு மேல். மூன்றும் சேர்ந்து பெருகுவதால் எடையில் வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறது. 36 ஏறக்குறைய 12 டன், 42 ஏறக்குறைய 16 டன். அதாவது மூன்றில் ஒரு பங்கு கூடுதல். படகின் விலை, உள்ளிடம், கடலில் அதன் நிதானம், அதைச் சீர்செய்ய ஆகும் கூலி, இவையெல்லாம் நீளத்தோடு நடப்பதில்லை; இந்த எடையோடுதான் நடக்கின்றன. விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் நிற்பது மட்டும் நீளம்.

வேகம் இதற்கு நேர்மாறு. நீரை விலக்கிக்கொண்டு நகரும் கனத்த படகு தானே ஓர் அலையை எழுப்பி, அந்த அலைக்குள்ளேயே சிக்கிக்கொள்கிறது. அதன் இயல்பான உச்ச வேகத்தைக் கணக்கிட ஒரு பழைய சூத்திரம் உண்டு: நீர்மட்டத்தில் படகின் நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால் நாட் (மணிக்கு ஒரு கடல்மைல்) கணக்கில் வேகம் கிடைக்கும். 36க்கு அது ஏறக்குறைய 8 நாட். 42க்கு 8½. வித்தியாசம் மணிக்கு ஒரு கிலோமீட்டர் அளவுதான். நடைமுறையில் யாரும் உச்சத்தில் ஓட்டுவதில்லை. 36ஐ 7 நாட்டிலும் 42ஐ 7½ நாட்டிலும் ஓட்டினால், 100 கடல்மைல் போக முன்னதற்கு 14 மணி நேரத்துக்குச் சற்று மேல், பின்னதற்கு 13 மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். ஒரு நீண்ட பகற்பொழுதில் ஒரு மணி நேரம் மிச்சம். வேகத்துக்காகப் பெரிய படகு என்ற வாதம் இங்கே எடுபடாது.

கிராண்ட் பேங்க்ஸின் அடிப்பகுதி முழுக்க நீரை விலக்கும் வகையைச் சேர்ந்ததன்று. பின்பாதி சற்றுத் தட்டையாக இருப்பதால், போதுமான குதிரைத்திறன் கொடுத்தால் தன் அலையின் மேல் பாதி ஏறி ஓடும். பிற்காலத்து 42களில் சிலவற்றுக்கு 375 குதிரைத்திறன் கொண்ட கேட்டர்பில்லர் 3208 இன்ஜின்கள் இரண்டைப் பொருத்தினார்கள். அவை 15 நாட்டையும் தொடும். ஆனால் டீசல் கரையும் விதம் பயமுறுத்தும். 7 நாட்டிலிருந்து 8 நாட்டுக்குப் போகவே எரிபொருள் செலவு ஏறக்குறைய இரட்டிப்பாகும் படகில், 15 நாட்டுக்கு என்ன ஆகும் என்பதை உரிமையாளர் முதல் பயணத்திலேயே தெரிந்துகொள்கிறார். இந்த இன்ஜின் உள்ள படகுகளில் பல, வாங்கிய சில மாதங்களிலேயே மற்றப் படகுகளின் வேகத்துக்கு வந்துவிடுகின்றன.

பெரும்பாலான பழைய கிராண்ட் பேங்க்ஸ்களில் இருப்பது ஃபோர்டு லேமன் 120. லாரிகளிலும் தொழிற்சாலை இயந்திரங்களிலும் ஓடிய பிரிட்டிஷ் ஃபோர்டின் ஆறு சிலிண்டர், 6.2 லிட்டர் டீசல் இன்ஜினை, லேமன் நிறுவனம் அமெரிக்காவில் கடலுக்கேற்ப மாற்றியது. டர்போ கிடையாது, மின்னணு கிடையாது. ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் பத்தாயிரம் மணி நேரத்தைத் தாண்டியும் ஓடும் என்ற நற்பெயர் அதற்கு உண்டு. 36இல் இது ஒன்றாகவும் இருக்கும், இரண்டாகவும் இருக்கும். 42இல் பெரும்பாலும் இரண்டு. ஆகவே 36க்கும் 42க்கும் நடுவிலான தேர்வு பல சமயங்களில் ஓர் இன்ஜினா இரண்டு இன்ஜினா என்ற தேர்வாகவும் ஆகிவிடுகிறது. வாங்குபவர் இந்த இரண்டு கேள்விகளையும் குழப்பிக்கொள்ளாமல் பிரித்துப் பார்ப்பது நல்லது.

ஒரு லேமன் 120, நிதானமாக 7 நாட்டில் 36ஐத் தள்ளிக்கொண்டு போகும்போது மணிக்கு ஏழெட்டு லிட்டர் டீசல் குடிக்கும். இரண்டு லேமனோடு 8 நாட்டில் போகும் 42க்கு ஏறக்குறைய அதன் இரட்டிப்பு வேண்டும். 36இன் இரண்டு தொட்டிகளில் மொத்தம் 1,500 லிட்டர் பிடிக்கும். 42இல் 2,270 லிட்டர். தொட்டி ஒன்றரை மடங்கு, செலவு இரண்டு மடங்கு. ஆகவே ஒருமுறை நிரப்பினால் போகும் தூரத்தில் பெரிய படகுக்குத் தனிச் சலுகை ஒன்றும் இல்லை. கையிருப்புக்கு ஒரு பங்கை ஒதுக்கிவிட்டாலும் இரண்டுமே நூற்றுக்கணக்கான கடல்மைல்களைச் சளைக்காமல் கடக்கும்.

இரண்டாவது இன்ஜின் இருந்தால் ஒன்று நின்றாலும் மற்றது கரை சேர்க்கும் என்பது உண்மை. இதற்கு மறுபக்கமும் உண்டு. ஒற்றை இன்ஜின் படகில் புரொப்பல்லர், படகின் அடிமுதுகான ஏராவுக்கு நேர் பின்னால் இருக்கிறது. மிதக்கும் மரக்கட்டையோ தரையோ முதலில் ஏராவில்தான் மோதும். இரட்டை இன்ஜின் படகில் இரண்டு புரொப்பல்லர்களும் பக்கங்களில் அந்தப் பாதுகாப்பு இல்லாமல் சுழல்கின்றன. வெட்டுமரங்களைக் கடல்வழி இழுத்துச் செல்லும் பிரிட்டிஷ் கொலம்பியா கரையில், நீருக்குள் பாதி மூழ்கி மிதக்கும் கட்டைகள் ஒரு தினசரி ஆபத்து. மேலும் டீசல் இன்ஜின் நின்றுபோவதற்கு அடிக்கடி காரணமாவது அழுக்கு எரிபொருள். இரண்டு இன்ஜின்களும் ஒரே தொட்டியிலிருந்து குடித்தால் இரண்டும் சேர்ந்தே நிற்கும். இரண்டு இன்ஜினின் உண்மையான லாபம் துறையில் கட்டும்போதுதான் தெரிகிறது: ஒன்றை முன்னும் மற்றதைப் பின்னும் செலுத்தி, நின்ற இடத்திலேயே படகைத் திருப்பலாம். ஒற்றை இன்ஜின் 36இல் அந்த வேலையை, முன்பக்கத்தில் குறுக்கே பொருத்தும் சிறு மின்விசிறி போன்ற பௌ திரஸ்டர் ஓரளவு செய்துவிடும். அது ஏற்கெனவே பொருத்தப்பட்டிருந்தால் 36இன் மதிப்பு கூடும்.

கடலில் நடத்தையைப் பார்த்தால் 42 பக்கம் தராசு தெளிவாகச் சாய்கிறது. எதிரலையில் நீண்ட படகு அடுத்தடுத்த அலைகளுக்குப் பாலம் போட்டதுபோலப் போகும். குட்டையான படகு ஒவ்வொன்றிலும் ஏறி இறங்கும். எடை கூடுதலாக இருப்பதால் அசைவும் மெதுவாக வரும். வயிறு அதை அறியும். பக்கவாட்டு அலையில் மட்டும் இரண்டுமே உருளும். இந்த வடிவத்தின் பலவீனம் அது. அதற்கென ஸ்டெபிலைசர் பொருத்திய 42கள் சந்தையில் உண்டு. வான்கூவர் தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவிலான மறைவான நீர்வழிகளிலேயே கோடையைக் கழிப்பவருக்கு இந்த வேறுபாடு வருடத்தில் சில நாட்கள்தான் உறைக்கும். ஹெக்கேட் நீரிணை போன்ற திறந்த கடலைக் கடப்பவருக்கு அது பயணத்தையே தீர்மானிக்கும்.

சில இடங்களில் அளவு பேசாமல் ஒதுங்கிக்கொள்கிறது. வான்கூவர் தீவுக்கும் குவாட்ரா தீவுக்கும் இடைப்பட்ட சீமோர் நாரோஸ் என்ற இடுக்கில் ஓத நீரோட்டம் 15 நாட் வரை பாயும். அங்கே நீருக்கடியில் நின்று பல கப்பல்களை உடைத்த ரிப்பிள் ராக் என்ற பாறையை 1958 ஏப்ரல் 5 அன்று வெடிவைத்துத் தகர்த்தார்கள். பாறை போனாலும் நீரோட்டம் போகவில்லை. 8 நாட் போகும் படகானாலும் 8½ நாட் போகும் படகானாலும், ஓதம் மாறி நீர் அசையாது நிற்கும் சில நிமிடங்களுக்காகக் காத்திருந்தே ஆகவேண்டும்.

இன்னொரு புகழ்பெற்ற பயணம் அமெரிக்காவின் கிழக்குப் பாதியைச் சுற்றிவரும் கிரேட் லூப். அட்லாண்டிக் கரையோரக் கால்வாய், ஹட்சன் ஆறு, பெரும் ஏரிகள், மிசிசிப்பி ஆற்றுத் தொகுதி, மெக்சிகோ வளைகுடா என்று ஏறக்குறைய 6,000 மைல் சுற்று. சிகாகோவுக்குத் தெற்கே கால்வாயின் குறுக்கே நிற்கும் ஒரு நிலையான பாலத்துக்கு அடியில் சுமார் 19½ அடிதான் இடைவெளி. அதைவிட உயரமான படகு சுற்றை முடிக்கவே முடியாது. ஈரி கால்வாயின் மேற்குப் பகுதி வழியே போக நினைத்தால் பாலங்கள் இன்னும் தாழ்வு, 15½ அடி. கிராண்ட் பேங்க்ஸின் கம்பத்தைச் சாய்த்துவிடலாம். ஆனால் பின்னாளைய உரிமையாளர் மேல்தட்டில் ஏற்றிவைத்த ரேடார், கூரைச் சட்டம், சூரியத் தகடு எல்லாம் கணக்கில் சேரும். விற்பவர் சொல்லும் உயரத்தை நம்பாமல், நீர்மட்டத்திலிருந்து நாடா வைத்து அளப்பதே வழி. ஆழம் ஒரு பிரச்சினை இல்லை. இரண்டுக்கும் ஏறக்குறைய 4 அடி நீர் போதும்.

உள்ளே இறங்கிப் பார்ப்பவர் மனம் மாறுவது இயல்பு. இரண்டு படகுகளிலும் அமைப்பு ஒன்றுதான்: நடுவில் ஓட்டுமிடமும் சமையல் மேடையும் சேர்ந்த கூடம், முன்னால் கூர்முனையில் படுக்கை, பின்னால் தனி அறை, மேலே திறந்தவெளி ஓட்டுமிடம், சுற்றிலும் கைப்பிடிக் கம்பியோடு அகலமான நடைபாதை. 42இல் பின்னறையில் படுக்கையைச் சுற்றி நடமாடலாம், குளிக்கத் தனித் தடுப்பு கிடைக்கும், இன்ஜின் அறையில் கைநீட்டி வேலை செய்யலாம். ஜெனரேட்டரும் பெரும்பாலும் இருக்கும். 36இல் இரண்டு பேர் பல மாதம் வசதியாக இருக்கலாம். நான்கு பேர் ஒரு வாரம் இருக்கலாம், நல்லுறவு இருந்தால். பேரப்பிள்ளைகள் வருவார்கள், நண்பர்கள் வருவார்கள் என்று நினைத்து கூடுதல் இடத்துக்காகப் பணம் கொடுப்பவர்கள் பலர். வருபவர்கள் வருடத்தில் ஒரு வாரம் வருகிறார்கள். அந்த இடத்துக்கான செலவு 52 வாரமும் நடக்கிறது.

படகைக் கையாள்வதில் வயதும் துணையும் முக்கியம். துறைக்குள் பக்கக் காற்று 20 நாட் வீசும்போது, 42இன் உயர்ந்த பக்கங்கள் பாய்போல அதைப் பிடிக்கும். 12 டன்னைக் கயிற்றால் இழுத்து நிறுத்துவது ஒருவருக்குச் சிரமம் என்றால் 16 டன்னை இழுப்பது வீண்முயற்சி. தம்பதிகளாக ஓட்டுபவர்கள் இருவரும் தனித்தனியே சுக்கானைப் பிடித்துத் துறையில் கட்டத் தெரிந்திருக்க வேண்டும். ஒருவருக்கு உடல்நிலை சரியில்லாமல் போனால் மற்றவர் படகைக் கரை சேர்க்க வேண்டுமல்லவா? இருவரில் தயக்கம் அதிகமுள்ளவர் எந்த அளவை நிம்மதியாகக் கையாள்கிறாரோ அதுவே அந்தக் குடும்பத்தின் அளவு.

இனி பணம். வாங்கும் விலை முதல் தவணை மாதிரிதான். படகுத்துறை வாடகை அடிக்கணக்கில் வசூலிக்கப்படுகிறது. அளக்கும்போது முன்னால் நீட்டிய நங்கூர மேடையும் பின்னால் பொருத்திய நீச்சல் பலகையும் சேரும். 36 என்று பெயர்பெற்ற படகு நாடாவில் 40 அடியைத் தொடலாம். 42 இதேபோல 46ஐத் தாண்டலாம். பல துறைகளில் படகின் நீளம், நிறுத்துமிடத்தின் நீளம் இரண்டில் எது பெரிதோ அதற்கு வாடகை. நிறுத்துமிடங்கள் 40 அடி, 50 அடி என்று படிப்படியாகவே இருக்கும். 40க்குள் அடங்கும் படகுக்கு 40க்கான வாடகை, 46 அடிப் படகுக்கு 50க்கான வாடகை. அடிக்கு உரிய விகிதமும் பெரிய இடங்களில் கூடுதலாக இருக்கக்கூடும். பெரிய இடங்களுக்குக் காத்திருப்போர் பட்டியலும் நீளம். படகுக்கு முன்பணம் கொடுத்த பிறகு நிறுத்துமிடம் தேடுவது கழுதைக்கு முன்னால் வண்டியைப் பூட்டுகிற வேலை.

பராமரிப்புக்கு ஒரு வாய்ப்பாடு எல்லாருடைய வாயிலும் புழங்குகிறது: ஆண்டுக்குப் படகின் விலையில் பத்தில் ஒரு பங்கு. பழைய படகுக்கு இது பொய்க்கணக்கு. நாற்பது வயதுப் படகின் விலை இறங்கியிருக்கும், ஆனால் அதன் ஹீட் எக்ஸ்சேஞ்சரும் சுக்கான் பம்பும் மின்கம்பிகளும் இன்றைய விலையில்தான் கிடைக்கும். மெக்கானிக்கின் கூலியும் படகின் வயதைப் பார்த்துக் குறைவதில்லை. ஆகவே, ஒரே விலைக்கு நிற்கும் பழைய 42ஐயும் புதிய 36ஐயும் பார்க்கும்போது, 42 மலிவு என்ற எண்ணம் தோன்றும். அந்த விலைக்குறைவின் பெரும்பகுதி இன்னும் செய்யப்படாத பழுதுவேலைதான். இரண்டு இன்ஜின் என்றால் இரண்டு வாட்டர் பம்ப், இரண்டு எக்ஸாஸ்ட் குழாய், இரண்டு தண்டு, இரண்டு சுக்கான். லேமன் 120இன் எரிபொருள் செலுத்தும் பம்புக்குத் தனி ஆயில் உண்டு. 50 மணி நேரத்துக்கு ஒருமுறை அதை மாற்ற வேண்டும். பலர் மறந்துவிடும் இந்தச் சிறு வேலையும் இரண்டாகும். படகைக் கரையேற்றி அடிப்பாகத்துக்குப் பெயின்ட் அடிக்கும்போது நீளத்துக்கேற்ற கட்டணத்தோடு, பரப்பளவுக்கேற்ற பெயின்ட்டும் கூலியும் சேரும்.

இந்த வரிசைப் படகுகளில் எங்கே பார்க்க வேண்டும் என்பது ஏறக்குறைய தெரிந்த கதை. 1973 வாக்கில் கட்டுமானம் மரத்திலிருந்து ஃபைபர் கிளாஸுக்கு மாறியது. அதற்கு முந்தைய மரப்படகுகள் அழகானவை, விலையும் குறைவு. ஆனால் காப்பீட்டு நிறுவனங்கள் அவற்றைத் தயக்கத்தோடு பார்க்கின்றன. கூரையுள்ள நிறுத்துமிடம் கிடைக்காவிட்டால் மழைநீர் அவற்றை மெல்லத் தின்றுவிடும். மரவேலை தெரிந்தவர், அதில் மகிழ்ச்சி காண்பவர், இவர்களைத் தவிர மற்றவர்கள் ஃபைபர் கிளாஸ் படகோடு நிறுத்திக்கொள்வது உத்தமம்.

ஃபைபர் கிளாஸ் படகிலும் மேல்தளம் தேக்கு. இரண்டு ஃபைபர் கிளாஸ் அடுக்குகளுக்கு நடுவே இலேசான பொருளை வைத்துச் செய்த தளத்தின்மேல், தேக்குப் பட்டைகளைத் திருகாணிகளால் இறுக்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு திருகாணியும் ஒரு துளை. ஆண்டுக்கணக்கில் தேய்த்துத் தேய்த்துத் தேக்கு மெலியும்போது, திருகாணித் தலையை மூடிய மரமுளைகள் உதிர்ந்து, துளை வழியே நீர் இறங்குகிறது. நடுவடுக்கு ஊறி அழுகினால் தளம் காலடியில் மெத்தென்று அமுங்கும். சரிசெய்வதென்றால் தேக்கை முழுக்க உரித்து, அழுகியதை வெட்டியெடுத்து, மறுபடி ஃபைபர் கிளாஸ் பூச வேண்டும். சில படகுகளில் இந்த ஒரு வேலையே படகின் விலையில் கணிசமான பங்கைக் கேட்கும். 42இல் இந்தத் தளத்தின் பரப்பு இன்னும் அதிகம். தேக்கை ஏற்கெனவே நீக்கிவிட்டுப் பெயின்ட் அடித்த தளத்தைக் கண்டு சிலர் முகம் சுளிப்பார்கள். அனுபவசாலி அதைக் கண்டால் உள்ளுக்குள் சந்தோஷப்படுவார்.

அடுத்தது டீசல் தொட்டிகள். பழைய கிராண்ட் பேங்க்ஸ்களில் இவை இரும்பு. தளத்தில் உள்ள நிரப்பும் வாயைச் சுற்றிக் கசியும் மழைநீர், குழாய் வழியே வழிந்து தொட்டியின் தலையில் தேங்கி, வெளியிலிருந்து அரிக்கிறது. தொட்டிகள் இன்ஜினின் இருபக்கமும் படகின் சுவரோடு ஒட்டி நிற்பதால் முழுதாக வெளியே எடுக்க வழியில்லை. இன்ஜினை நகர்த்தவோ, தொட்டியைத் துண்டு துண்டாக வெட்டவோ நேரும். பிறகு வாசல் வழியே நுழையும் அளவில் சிறு தொட்டிகளாகப் புதிதாகச் செய்து பொருத்துவார்கள். ஜன்னல்களின் தேக்குச் சட்டங்கள் வழியேயும் நீர் கசியும். அவற்றுக்குக் கீழே உள்சுவர்ப் பலகையில் கறுப்புக் கறை இருந்தால் கதை அங்கேயே எழுதியிருக்கிறது. நீருக்கடியில் ஃபைபர் கிளாஸில் சிறு கொப்புளங்கள் காண்பது அந்தக் காலத்துப் படகுகளில் சாதாரணம். அவை பார்ப்பதற்கு அச்சமூட்டினாலும் படகை மூழ்கடிப்பது அபூர்வம். பேரம் பேச உதவும், அவ்வளவுதான்.

இன்ஜின் ஓடிய மணி நேரத்தைப் பலர் காரின் கிலோமீட்டர் போலப் படிக்கிறார்கள். முப்பது ஆண்டில் 900 மணி நேரம் மட்டும் ஓடிய இன்ஜின் இளமையானது என்று பொருளில்லை. ஓடாமல் நின்ற இன்ஜினுக்குள் உப்புநீர் செல்லும் பாகங்கள் அரித்துப்போகின்றன, ரப்பர் காய்கிறது, சிலிண்டரில் துரு ஏறுகிறது. வருடம்தோறும் ஓடி, ஆயில் மாற்றிய தேதிகளோடு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கும் 5,000 மணி நேர லேமன், நிச்சயம் அதைவிட நம்பத்தக்கது. அந்த நோட்டுப் புத்தகமே இரண்டு படகுகளுக்கிடையே தீர்ப்புச் சொல்லும் சாட்சியாக அமைவதும் உண்டு. இங்கே அளவு இரண்டாம் பட்சம்: கவனமாகப் பராமரித்த 42, கைவிடப்பட்ட 36ஐவிட முடிவில் மலிவாக அமையலாம்.

வாங்கும் முறை அமெரிக்காவில் ஓர் ஒழுங்குக்கு வந்திருக்கிறது. விலை பேசி, வழக்கமாகப் பத்தில் ஒரு பங்கை முன்பணமாகக் கட்டி, சர்வே திருப்தியாக இருந்தால்தான் வாங்குவேன் என்ற நிபந்தனையோடு ஒப்பந்தம் எழுதுகிறார்கள். சர்வேயரை வாங்குபவரே தேர்ந்தெடுக்க வேண்டும். விற்பனைத் தரகர் பெயர் சொன்னால் நன்றி சொல்லிவிட்டு வேறு ஆளைத் தேடுவது புத்திசாலித்தனம். படகைக் கரையேற்றும் செலவும் வாங்குபவருடையது. சர்வேயர் சிறு சுத்தியலால் தளத்தையும் உடலையும் தட்டித் தட்டிக் கேட்பார். கெட்டியான இடம் கணீரென்று ஒலிக்கும்; ஊறிய இடம் மந்தமாக ஒலிக்கும். சந்தேகமான இடத்தில் ஈரமானியை வைப்பார். இன்ஜினுக்குத் தனி நிபுணர் வேண்டும். ஆயில் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பினால் அதிலுள்ள உலோகத் துகள்களும் உப்பும் உள்நிலையைச் சொல்லும். விற்பவர் இன்ஜினை முன்கூட்டியே சூடாக்கி வைக்கக் கூடாது என்று சொல்லிவைப்பது வழக்கம். குளிர்ந்த இன்ஜின் உறுமி எழும் விதத்திலும் அப்போது வரும் புகையிலும்தான் விஷயம் இருக்கிறது. சோதனை ஓட்டத்தில் முழு வேகத்தில் சில நிமிடம் ஓட்டி, வெப்பமானி நிலையாக நிற்கிறதா என்று பார்ப்பார்கள்.

இரண்டு படகுகளையும் சர்வே செய்வது பணச்செலவுதான். அதனால் பலரும் முதலில் தாமே பாதி நாள் செலவிட்டு இரண்டையும் பார்த்து, ஒன்றைத் தேர்ந்த பிறகே சர்வேயரை அழைக்கிறார்கள். அறிக்கையில் வரும் குறைகளுக்கு விலை போட்டு, அவற்றை மற்றப் படகின் விலையோடு ஒப்பிட்டால், சில சமயம் தேர்வு தலைகீழாகும். அப்போது முன்பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு விலக ஒப்பந்தம் இடம் தருகிறது. சர்வேக்குச் செலவான தொகை மட்டும் போய்விடும்.

தாள்களிலும் கவனம் தேவை. 1972 நவம்பர் முதல் படகின் பின்புறத்தில் 12 எழுத்தெண்கள் கொண்ட அடையாள எண் பொறிக்கப்பட வேண்டும் என்பது அமெரிக்க விதி. விளம்பரத்தில் சொன்ன ஆண்டும் எண் சொல்லும் ஆண்டும் பொருந்துகின்றனவா என்று பார்க்கலாம். இந்த அளவுப் படகுகள் பலவும் அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் பதிவேட்டில் இருக்கும். அங்கிருந்து கைமாறிய வரலாற்றின் சுருக்கத்தை வாங்கினால், பழைய கடன் எதுவும் தீராமல் நிற்கிறதா என்பது தெரியும். கடல்சார் சட்டத்தில் பழுதுபார்த்த கூலி போன்ற பாக்கிகள் படகோடு ஒட்டிக்கொள்ளும், உரிமையாளர் மாறினாலும் படகைத் துரத்தும். அவற்றில் எல்லாமே பதிவேட்டில் ஏறியிருக்கும் என்றும் சொல்ல முடியாது. அதனால் படகு கடைசியாக நின்ற துறையிலும் வேலை பார்த்த பட்டறையிலும் ஒரு வார்த்தை விசாரித்து வைப்பார்கள்.

கடைசி வாசல் காப்பீடு. கடன் கொடுக்கும் வங்கியும் பல படகுத்துறைகளும் அதைக் கேட்கும். காப்பீட்டு நிறுவனம் சர்வே அறிக்கையைப் படித்து, பாதுகாப்பு சம்பந்தமான குறைகளைக் குறிப்பிட்ட நாளுக்குள் சரிசெய்யச் சொல்லும். வாங்குபவர் இதுவரை எந்த அளவுப் படகு ஓட்டியிருக்கிறார் என்றும் விசாரிக்கும். 20 அடிப் படகிலிருந்து நேரே 42க்குத் தாவுபவரிடம், உரிமம் பெற்ற கேப்டன் ஒருவரை அமர்த்திச் சில நாள் பயிற்சி பெற்று, அவர் எழுத்தில் சான்று தந்த பிறகே தனியாக ஓட்டலாம் என்று நிபந்தனை போடுவதுண்டு. 36க்கு இந்த நிபந்தனை இளகலாம், சில சமயம் இல்லாமலும் போகலாம். எனவே விலை பேசுவதற்கு முன்பே இரண்டு படகுகளுக்கும் காப்பீட்டு மதிப்பீடு கேட்டு வாங்கிவிடுகிறார்கள். பாலிசி, படகு கைமாறும் அந்த நேரத்திலிருந்தே நடைமுறைக்கு வரும்படி எழுதப்படுகிறது.